பழைய ஃபைபர் படகு: வாங்கிச் சீர்செய்யலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ஒரு பழைய ஃபைபர் படகு விலைக்கு வருகிறது. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியவில்லை. நீளம் 5 மீட்டருக்குச் சற்று மேல், 1970களின் கடைசியில் கட்டியது, பின்னால் அவுட்போர்டு என்ஜின். பல வருடங்களாகத் தண்ணீரில் இறங்கவில்லை. ஒரு மரத்தடியில் டிரெய்லர் மேலேயே நிற்கிறது, மூடியும் வைக்கவில்லை. வெளியே நிறம் மங்கி, தடவினால் கையில் வெள்ளையாக ஒட்டுகிறது. அங்கங்கே மெல்லிய வெடிப்புகள். ஆனால் உருவம் அருமை. அணியம் (முன்முனை) உயர்ந்து வளைந்து வருகிற அந்த வடிவத்தை இப்போது வரும் படகுகளில் நான் பார்த்ததே இல்லை.

உள்ளே ஏறி நடந்து பார்த்தேன். பின் இருக்கைக்கு முன்னால் ஓர் இடத்தில் மட்டும் தளம் காலுக்குக் கீழே அமுங்குகிறது. விற்பவர் "அந்த ஒரு பலகையை மாற்றினால் போதும், ஃபைபர் என்றைக்கும் கெடாது" என்கிறார். கேட்கும் விலை ரொம்பக் குறைவு, அதுவே கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

எனக்கு மரவேலை நன்றாக வரும். ரெசின் வேலை செய்ததில்லை, ஆனால் கற்றுக்கொள்ள ஆசை. கூரை போட்ட இடம் இருக்கிறது, அவசரமும் இல்லை. முடிந்த பிறகு வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அதனால் பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது.

அந்த ஒரே ஒரு அமுங்கும் இடம் உண்மையில் எவ்வளவு பெரிய விஷயம்? பணம் கொடுப்பதற்கு முன்னால் நானே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம்?

பதில் 1

விற்பவர் சொன்னதில் பாதி உண்மை. கண்ணாடி இழையும் ரெசினும் மக்காது. ஆனால் அந்தக் காலத்து "ஃபைபர் படகு" முழுக்க ஃபைபர் கிடையாது. வெளி ஓடு ஃபைபர், தளம் பிளைவுட், தளத்துக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் ஸ்ட்ரிங்கர் என்கிற விட்டங்கள் மரம், என்ஜின் தொங்குகிற டிரான்சம் (பின்சுவர்) இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட். மரத்தின் மேல் மெல்லிசாக ரெசினும் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு மூடியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த மூடலில் ஒரு ஸ்குரூ துளை வழியாக நீர் போய்விட்டால் வெளியே வர வழி இல்லை, உள்ளேயே தங்கி மரத்தை மெதுவாகத் தின்னும்.

இன்னொன்று, மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்குக் கடல் நீரைவிட மழை நீர்தான் வசதி. உப்பு அதைக் கொஞ்சம் தடுக்கும். அதனால் கடலில் நாள்தோறும் ஓடிய படகைவிட மூடாமல் மரத்தடியில் நின்ற படகுதான் பெரும்பாலும் உள்ளே மோசமாக இருக்கும். இலை விழுந்து வடிகால் துளை அடைத்திருந்தால், தளத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் மாதக்கணக்கில் நின்றிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தளம் ஓர் இடத்தில் அமுங்குகிறது என்றால் அது பிரச்சினையின் தொடக்கம் இல்லை, கடைசியாக வெளியே தெரிகிற அறிகுறி. கீழே ஸ்ட்ரிங்கர் ஊறி, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பிளைவுட் ஊறி, அப்புறம்தான் காலுக்குத் தெரிய வரும். அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றுவது என்பது நனைந்த மரத்தின் மேல் புது மரத்தை ஒட்டுவது. ஆகவே தளம் முழுக்க எடுக்க வேண்டும் என்ற கணக்கிலேயே பேச்சைத் தொடங்குங்கள்.

சோதிக்க முதலில் போக வேண்டிய இடம் டிரான்சம். என்ஜினை நேராக இறக்கி வைத்து, கீழே புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டைப் பிடித்து மேலே தூக்கி, கீழே அழுத்திப் பாருங்கள். கூட ஒருவர் நின்று டிரான்சத்தின் மேல்விளிம்பையும் என்ஜின் போல்ட்டுகளைச் சுற்றியும் கவனிக்கட்டும். டிரான்சம் அசையவே கூடாது. மூச்சு விடுவது போல் உள்ளே வெளியே போனால், போல்ட் ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் கசிந்தால், நடுவில் இருக்கும் மரம் போய்விட்டது.

அடுத்து தட்டிப் பார்ப்பது. சின்ன பிளாஸ்டிக் தலைச் சுத்தியல் அல்லது ஸ்குரூடிரைவரின் கைப்பிடி போதும். நல்ல இடத்தில் ஒலி கூர்மையாக வரும், சுத்தியலும் துள்ளித் திரும்பும். கெட்ட இடத்தில் மந்தமாக "டொப்" என்று அடங்கிவிடும். டிரான்சம் முழுவதையும் சதுரம் சதுரமாகத் தட்டி, மந்தமான இடங்களைச் சாக்பீசால் குறியுங்கள். குறிகள் எல்லாம் கீழ்ப்பக்கம், வடிகால் துளையைச் சுற்றி ஒன்றுசேர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், தண்ணீர் அங்கேதான் நிற்கிறது.

ஆனால் தட்டுவது சந்தேகத்தைத்தான் கொடுக்கும், துளைதான் பதில் சொல்லும். உரிமையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, உள்பக்கமிருந்து 5 மில்லிமீட்டர் பிட்டால் சில துளைகள் போடுங்கள். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வெளித்தோலை எட்டக் கூடாது. டிரான்சத்தின் மொத்தக் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மில்லிமீட்டர் இருக்கும். துளைபோடும்போது முதலில் வெள்ளைத் தூள் வரும், அது ஃபைபர். அதற்குப் பிறகு வருவதை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகச் சுருள் சுருளாக, உலர்ந்து வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்து, ஈரமாக, கசக்கிய தேயிலைச் சக்கை போல் விரலில் ஒட்டினால் அந்த இடம் போயிற்று. பிட் எதிர்ப்பே இல்லாமல் சட்டென்று உள்ளே போனாலும் அதே கதைதான். ஸ்ட்ரிங்கரிலும் இதையே செய்யுங்கள், முக்கியமாகப் பின்பாதியில். நல்ல துளைகளை அன்றே எபாக்சி ரெசின் வைத்து மூடிவிடுங்கள். இதற்கு அனுமதி தராத ஆளிடம், எல்லாமே மக்கியது என்று எண்ணித்தான் விலை பேச வேண்டும்.

பதில் 2

மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் சரி. நான் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தேவை படகா, படகு வேலையா?

இரண்டும் ஒன்றில்லை. குடும்பத்தோடு தண்ணீரில் போக வேண்டும் என்பதுதான் முதல் ஆசை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய படகைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதுதான் எப்போதும் மலிவு. இது மனத்தைத் தளரவைக்கச் சொல்வதில்லை. படகின் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்கு. பிளைவுட், ரெசின், மேட், ஃபோம், பெயின்ட், வயரிங், ஸ்டீரிங் கேபிள், டிரெய்லரின் பேரிங், டயர், அப்புறம் என்ஜின், இவை எல்லாம் சேரும்போது படகு சும்மாவே வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அவ்வளவு செலவு செய்து முடித்த பிறகும் சந்தையில் அது 1970களின் படகுதான், போட்ட பணம் திரும்பாது. கூலி கொடுத்துச் செய்வித்தால் கணக்கு இன்னும் மோசம், ஏனென்றால் இதில் பெரும்பகுதி உழைப்புதான்.

அந்த வேலையே பிடிக்கும், மாலை நேரத்தில் கிரைண்டரோடு கிடப்பதில் சுகம் காண்கிற ஆள் நீங்கள் என்றால் அது வேறு. அப்போது செலவழிக்கிற பணம் வீண் இல்லை. உங்களைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பக்கம் சாய்வது போலத்தான் தெரிகிறது. ஆனாலும் ஒன்றை இப்போதே செய்யுங்கள். தளம், எல்லா ஸ்ட்ரிங்கர், டிரான்சம், ஃபோம், எல்லாமே புதிதாகப் போட வேண்டும் என்று வைத்துப் பொருள் பட்டியல் எழுதுங்கள். அந்தத் தொகையையும் அந்த உழைப்பையும் பார்த்த பிறகும் "சரி" என்று தோன்றினால் வாங்குங்கள். "அவ்வளவு மோசமாக இருக்காது" என்ற நம்பிக்கையில் வாங்கியவர்களின் படகுகள்தான் தளத்தைப் பிரித்துப் போட்ட நிலையில் பாதியில் விற்பனைக்கு வருகின்றன. கைவிட்டால் அதை அப்புறப்படுத்துவதும் உங்கள் தலையில்தான். பாலியெஸ்டர் ரெசினில் உறைந்த ஃபைபரை உருக்கி மறுபடி வார்க்க முடியாது, பழைய இரும்பு மாதிரி எடைக்குப் போட வழியில்லை.

ஒரு அளவுக்குச் சொல்கிறேன். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு போட்டால் உறைந்த பிறகு சுமார் 1 மில்லிமீட்டர் கனம் வரும், அதற்கு ரெசின் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ தேவை. உங்கள் தளம் 6 சதுர மீட்டர் என்று வையுங்கள். பலகைக்குக் கீழ்ப்பக்கம் ஓர் அடுக்கு, மேல்பக்கம் இரண்டு என்றாலே 18 சதுர மீட்டர். அதாவது 8 கிலோ மேட், 18 கிலோவுக்குக் குறையாத ரெசின். இது தளம் மட்டும். ஸ்ட்ரிங்கரும் டிரான்சமும் இதற்கு மேல். இப்படிக் கணக்குப் போட்டால் மயக்கம் இருக்காது.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. கேள்வியை நேராகக் கேட்டது நல்லதாயிற்று. எனக்கு வேலைதான் முதலில் பிடிக்கும், ஓடுவது அதன் பிறகு. பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டேன். கூடவே இரண்டு சந்தேகம். வெளியே தெரியும் மெல்லிய வெடிப்புகள் ஆபத்தா? ரெசினில் பாலியெஸ்டரா, எபாக்சியா? படிக்கப் படிக்க ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில் 3

வெடிப்பைப் பொறுத்தவரை அதன் வடிவத்தைப் பாருங்கள். ஜெல்கோட் என்பது வெளியே சுமார் அரை மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும் நிற ரெசின், அதற்குள் இழை கிடையாது. வயதானால் உடையும் தன்மை வந்து வெடிக்கும், அது தோலோடு நிற்கிற விஷயம். கையில் ஒட்டும் வெள்ளைப் பொடியும் வெயிலில் சிதைந்த ஜெல்கோட்தான், தேய்த்து எடுத்தால் போகும். ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலையாகப் பரவினால் அங்கே ஏதோ இடித்திருக்கிறது, உள்பக்கம் அதே இடத்தில் ஃபைபர் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே திசையில் இணை இணையாகக் கோடுகள் ஓடினால்தான் கவலை, அந்த இடத்தில் ஓடு திரும்பத் திரும்ப வளைகிறது என்று பொருள். உள்ளே அதைத் தாங்க வேண்டிய ஸ்ட்ரிங்கர் தன் வேலையைச் செய்யவில்லை. டிரான்சமும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் வெடிப்பு இருந்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

நீர்க்கோட்டுக்குக் கீழே கொப்புளங்கள் இருக்கலாம். ஓட்டுக்குள் ஊடுருவிய நீர் உள்ளே மிச்சமிருக்கும் ரசாயனங்களைக் கரைத்துக்கொண்டு அழுத்தம் சேர்ப்பதால் வருவது. ஒன்றைக் குத்தினால் புளித்த வாடை அடிக்கும் திரவம் பீய்ச்சி வரும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குத்த வேண்டாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் கொப்புளத்தால் மூழ்கிய படகு அபூர்வம். எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கும் படகுகளுக்குத்தான் இது அதிகம், டிரெய்லரில் நின்ற உங்கள் படகில் எதிர்பார்க்கவில்லை.

இப்போது ரெசின். ஏற்கெனவே உறைந்துவிட்ட பழைய ஃபைபரின் மேல் புதிதாகப் போடுவது ரசாயனப் பிணைப்பு இல்லை, வெறும் ஒட்டுதல். அந்த ஒட்டுதலில் எபாக்சி பாலியெஸ்டரைவிட வலுவானது, நீரையும் குறைவாகவே விடும். ஓட்டில் துளை அடைப்பது, டிரான்சத்தின் மரத்தை வெளித்தோலோடு ஒட்டுவது போன்ற இடங்களுக்கு எபாக்சிக்குச் செலவழிப்பதில் தயங்க மாட்டேன். மற்றபடி பாலியெஸ்டரிலேயே இந்தப் படகுகள் கட்டப்பட்டன, நன்றாகச் சுரண்டி சுத்தம் செய்த பரப்பில் பாலியெஸ்டரும் பிடிக்கும். செலவு ரொம்பக் குறையும்.

எதை எடுத்தாலும் கலப்பதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் (உறையவைக்கும் திரவம்) 1 முதல் 2 சதவீதம். வெப்பத்தைப் பார்த்து அந்த வரம்புக்குள் கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியில் அந்தச் சலுகை கிடையாது, டப்பாவில் போட்டிருக்கும் விகிதம்தான், ஹார்டனர் (எபாக்சியை உறையவைக்கும் பாகம்) கூடுதலாக ஊற்றினால் வேகமாக உறையாது, சரியாக உறையவே உறையாது. பாலியெஸ்டருக்குக் கோபால்ட்டை (உறைவதை வேகப்படுத்தும் திரவம்) தனியாகக் கலக்கிற வகை வாங்கினால், கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒன்றோடொன்று நேராகச் சேரவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் மற்றது. இரண்டு பாட்டிலையும் ஒரே தட்டில்கூட வைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பைண்டர் ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவதற்காகப் போட்டது. பாலியெஸ்டரில் ஸ்டைரீன் இருக்கிறது, எபாக்சியில் இல்லை. அதனால் எபாக்சியோடு அந்த மேட்டைப் போட்டால் விறைப்பாகவே நிற்கும், மூலையில் படியாது. எபாக்சிக்கு நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள்.

ஓட்டில் அடைக்க வேண்டிய ஓட்டை இருந்தால் ஓரத்தை 12க்கு 1 என்ற சரிவில் தேய்க்க வேண்டும். 5 மில்லிமீட்டர் கனமான ஓடு என்றால் ஓட்டையைச் சுற்றிலும் 60 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவு. முதலில் பார்க்கும்போது நல்ல ஃபைபரை ஏன் இவ்வளவு தேய்த்து வீணாக்க வேண்டும் என்று கை தயங்கும், ஆனால் பழையதும் புதியதும் பிடித்துக்கொள்ளும் பரப்பு அதுதான், வலுவும் அதில்தான் இருக்கிறது.

தூசியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நுண்துகள் வடிகட்டும், முகத்தோடு ஒட்டி உட்காரும் மாஸ்க், மூடிய கண்ணாடி, முழுக்கை உடுப்பு. ரெசின் வாடைக்கு அந்த மாஸ்க் உதவாது, அதற்குக் கார்பன் வடிகட்டி தனி. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த உடுப்பை வேலை இடத்திலேயே கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.

பதில் 4

ஃபோமைப் பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் முதல் கவலை. இந்தப் படகுகளில் தளத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே மிதவைக்காக பாலியூரித்தேன் ஃபோமை ஊற்றி நிரப்பியிருப்பார்கள். உலர்ந்த நிலையில் கன மீட்டருக்கு 32 கிலோதான் எடை. நீர் புகாத ஃபோம் என்றாலும் வருடக்கணக்கில் தண்ணீருக்குள் நின்றால் ஊறும், ஊறினால் சுலபத்தில் உலராது. 200 லிட்டர் ஃபோம் பாதி ஊறினாலே 100 கிலோ கூடுதல். பின்பக்கம் ஒரு ஆள் எப்போதும் உட்கார்ந்திருப்பதைவிட அதிகம் அது. அதைவிடப் பெரிய விஷயம், படகு தண்ணீர் நிறைந்து நின்றால் தூக்கிப் பிடிக்க வேண்டிய பொருளே சுமையாகிவிடுகிறது. வீட்டில் உள்ளவர்களை ஏற்றப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

கண்டுபிடிக்க நேரான வழி எடை மேடை. டிரெய்லரோடு ஏற்றி எடை எடுங்கள், டிரெய்லர், என்ஜின் எடையைக் கழியுங்கள், அந்த மாதிரிக்கு நிறுவனம் கொடுத்த எடையோடு ஒப்பிடுங்கள். பழைய விளம்பரத் தாளில் கிடைக்கும். எடை மேடைக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் தளத்தின் தாழ்வான இடத்தில் வட்டமாக ஒரு துளை வெட்டி, கீழே இருக்கும் ஃபோமில் ஒரு துண்டு எடுத்து கைக்குள் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் முழுவதும் தோண்டி எடுக்க வேண்டியதுதான். அமுங்கும் தளத்தை எப்படியும் மாற்றப் போவதால் அந்தத் துளையால் நஷ்டம் இல்லை.

அப்புறம் அடிப்பாகம். டிரெய்லரில் பல வருடம் நின்ற படகில், தாங்கும் இடங்களில் ஓடு உள்வாங்கியிருக்கலாம். நேரான அலுமினியக் குழாய் ஒன்றை, கடைசி ஒன்றரை மீட்டருக்கு, முன்பின்னாக அடியில் வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. பின்முனைக்கு முன்னால் குழிந்திருந்தால் வேகத்தில் அணியம் கீழே அழுந்தும், படகு திருப்பத்தில் சொன்னபடி கேட்காது. மரம் கெட்டிருந்தால் மாற்றலாம், ஓட்டின் வடிவம் மாறியிருந்தால் அதை நேராக்குவது வேறு அளவு வேலை. இந்த ஒரு சோதனையில் தோற்றால் நான் அந்தப் படகை வாங்க மாட்டேன், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

என்ஜினைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) சோதனையில் சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கீழே கியர் ஆயிலின் திருகைத் தளர்த்திப் பாருங்கள், பால் நிறத்தில் வந்தால் சீல் போய் நீர் புகுந்திருக்கிறது. அந்த வயதுள்ள என்ஜினுக்கு உதிரிப் பாகம் கிடைக்குமா என்று பேரம் பேசுவதற்கு முன்பே விசாரியுங்கள். தளத்துக்குக் கீழே அலுமினிய எரிபொருள் டேங்க் இருந்தால், ஈர ஃபோம் ஒட்டியே நின்று அரித்திருக்கும், அதை நம்ப வேண்டாம். காகிதமும் முக்கியம். ஓட்டின் அடையாள எண் வழக்கமாகப் பின்சுவரின் வலது மேல்மூலையில் பொறித்திருக்கும், அதுவும் பதிவுக் காகிதத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும், விற்பவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத படகைச் சீர்செய்து முடித்துவிட்டு அதைத் தண்ணீரில் இறக்க முடியாமல் நிற்பது கொடுமை.

கேட்டவர்

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன், உரிமையாளர் துளை போட உடனே ஒத்துக்கொண்டார்.

டிரான்சம் கண்ணுக்குத் தெரிய அசையவில்லை. ஆனால் வடிகால் துளைக்கு மேலே போட்ட துளையில் கறுப்பாக, ஈரமாகத்தான் வந்தது, மணமும் மண் வாடை. மேல்பாதியில் போட்டவை வெளிர் மஞ்சளாக உலர்ந்து வந்தன. ஸ்ட்ரிங்கர் இரண்டும் முன்பாதியில் உலர்ந்திருக்கின்றன, பின்பாதியில் நனைந்திருக்கின்றன. தளத்தில் வட்டமாக வெட்டி எடுத்த ஃபோமைப் பிழிந்தேன், முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. அடிப்பாகத்தில் குழாய் வைத்ததில் எங்கேயும் வெளிச்சம் இல்லை, நேராக உட்கார்ந்தது. இணைக்கோடு வெடிப்புகளும் இல்லை, எல்லாம் வலை வெடிப்பும் வயது வெடிப்பும்தான். காகிதம் சரி, எண்ணும் ஒத்துப்போகிறது. கியர் ஆயில் பால்.

முழுப் பட்டியலும் போட்டுவிட்டேன், டிரான்சம் உட்பட. என்ஜினைக் கணக்கில் பூஜ்யம் என்றே வைத்தேன். அப்படிப் பார்த்தும் எனக்கு இது வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஓடு நேராக இருக்கிறது என்பதுதான் என்னை இழுக்கிறது, மீதி எல்லாம் மரம், மரம் எனக்குத் தெரிந்த பொருள். என்ஜின் இல்லாமல் ஓட்டுக்கும் டிரெய்லருக்கும் மட்டும் விலை கேட்டிருக்கிறேன், அவரும் சம்மதிக்கிற மாதிரிதான் பேசுகிறார். எடுத்து வந்தால் எங்கே ஆரம்பிப்பது?

பதில் 1

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வாங்கக்கூடிய படகுதான். நேரான ஓடு, சரியான காகிதம், கூரை உள்ள இடம், மரவேலை தெரிந்த கை, இதற்கு மேல் இந்த வேலைக்கு நல்ல தொடக்கம் கிடைக்காது. டிரான்சத்தில் மேல்பாதி உலர்ந்திருக்கிறது என்பதற்காகக் கீழ்ப்பாதியை மட்டும் வெட்டி ஒட்ட நினைக்க வேண்டாம், அது என்ஜினின் முழு உந்துதலையும் தாங்குகிற ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஸ்ட்ரிங்கரையும் அப்படியே, முழு நீளமாக மாற்றுங்கள்.

கிரைண்டரை எடுப்பதற்கு முன்னால் ஓட்டுக்கு ஆதரவு கொடுங்கள். தளமும் ஸ்ட்ரிங்கரும்தான் அந்த ஓட்டை இப்போது வடிவத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்த பிறகு ஓடு தன் எடையிலேயே தொய்யும், தொய்ந்த வடிவத்தில் புதிய ஸ்ட்ரிங்கரைப் போட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். இப்போது நேராக இருப்பதை நாமே கெடுத்ததாகிவிடும். அடிப்பாகத்தின் வளைவுக்கு ஏற்றபடி பலகைகளை வெட்டி மூன்று நான்கு இடத்தில் தொட்டில் மாதிரி தாங்கு கொடுத்து, முன்பின்னும் குறுக்கிலும் நீர்மட்டம் பார்த்து நிறுத்துங்கள். மேல்விளிம்பில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்குச் சட்டங்கள் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் தளத்தை எடுத்ததும் பக்கங்கள் விரியும்.

அது முடிந்ததும் நீளத்துக்கு ஒரு கயிறு கட்டி, அரை மீட்டருக்கு ஒன்றாகத் தளத்தின் உயரம், ஸ்ட்ரிங்கரின் உயரம், இரண்டு ஸ்ட்ரிங்கருக்கும் நடுவே உள்ள அகலம் எல்லாம் அளந்து எழுதுங்கள். படமும் எடுங்கள், ஒவ்வொரு படத்திலும் அளவு நாடா தெரியட்டும். அதன் பிறகு தளத்தை ஓரத்திலிருந்து 5 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள், அந்த விளிம்புதான் புதிய தளம் உட்காரும் படி. ரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் கனத்துக்கு மேல் வைக்காதீர்கள், கீழே ஓடு இருக்கிறது. ஈர ஃபோமைத் தோண்டி எடுத்துவிட்டு ஓட்டைக் கழுவி, மூடிவிடாமல் காற்றோட்டமாக நன்றாகக் காய விடுங்கள்.

ஸ்ட்ரிங்கரை ஒரே நாளில் இரண்டையும் எடுக்க வேண்டாம். ஒன்றை எடுத்து, புதியதைப் போட்டு, அது உறைந்த பிறகு அடுத்தது. பழைய ஸ்ட்ரிங்கரை உடைக்காமல் எடுக்க முடிந்தால் அதையே அச்சாக வைத்துப் புதியதை வெட்டலாம். புதிய மரத்தை ஓட்டின் மேல் நேராக உட்கார வைக்காமல் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கெட்டியான ரெசின் கலவையில் உட்கார வையுங்கள். மரத்தின் கூர்விளிம்பு ஓட்டை அழுத்தினால் அந்தக் கோட்டில்தான் பின்னால் வெடிப்பு வரும். மரமும் ஓடும் சேரும் மூலையை அதே கலவையால் உருட்டி வளைத்துவிட்டு அதன் மேல் இழை போடுங்கள், கண்ணாடி இழை கூர்மையான மூலையில் படியாது, அடியில் காற்று நிற்கும்.

டிரான்சத்தை அதற்கு அப்புறம் எடுங்கள். உள்பக்கமிருந்து செய்தால் வெளித்தோல் அப்படியே இருக்கும், அந்த அணியத்தின் அழகைப் பற்றிச் சொன்னீர்களே, வெளிவடிவம் எதுவும் மாறாமல் காப்பாற்றலாம். மரத்தை வைத்து இறுக்குவதற்கு முன் ஒருமுறை உலர்வாகவே வைத்துப் பார்த்து, கிளாம்புகள் எல்லாம் எட்டுகின்றனவா என்று சரிபாருங்கள். ரெசின் கலந்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது, வெயில் நாளில் இன்னும் கிடைக்காது. சின்னச் சின்ன அளவாகக் கலந்து, கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். ஆழமான டப்பாவில் மொத்தமாக விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து கெட்டியாகிவிடும்.

புதிய ஃபோம் ஊற்றும் நேரம் வரும்போது மறுபடி இங்கே எழுதுங்கள். அதற்கு முன் ஸ்ட்ரிங்கர்களுக்குக் கீழே, நடுவில் உள்ள பள்ளத்தில், தண்ணீர் முன்னிருந்து பின்னாக ஓடி வடிகாலுக்கு வரும்படி ஒரு வழி விடுங்கள். மரத்தில் அதற்காகப் போடும் துளைகளின் உள்சுவருக்கும் ரெசின் பூச வேண்டும், அல்லது குழாய்த் துண்டு வைத்து ஒட்ட வேண்டும். உங்கள் படகில் ஈரம் பின்பாதியில்தான் சேர்ந்திருக்கிறது, வடிகால் அடைத்தோ இந்த வழி சரியாக இல்லாமலோதான் அது நடந்திருக்க வேண்டும், தளத்தை எடுத்ததும் முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.